டெலிபோன் கருவியை யாரிடம் வாங்குவது?

திண்டிவனம் பகுதியில் உள்ள பிரம்மதேசத்தில் இருந்து சென்னைக்கு டெலிபோனில் பேசுகிறோம். நம் கையில் இருப்பது சின்னக் கருவிதான். ஆனால் நடுவில் கோபுரம், கம்பி, எக்சேஞ்சு என்று எத்தனையோ பெரிய கருவிகள் வேலை செய்கின்றன.

அவற்றை டெலிபோன் கம்பெனிகள் விலைக்கு வாங்குகின்றன. விற்பவர்கள் பலர். அவர்களில் ஒருவரை எப்படித் தேர்ந்து எடுக்கிறார்கள்?

மலிவாக இருந்தால் போதுமா? போதாது. உழவு மாடு வாங்குகிறவர் விலையை மட்டுமா பார்ப்பார்? நம் மண்ணில் உழைக்குமா என்றும் பார்ப்பார் அல்லவா? அது போலத்தான் இதுவும்.

வெயிலும் தூசியும்

1980-க்குப் பிறகு, பெரிய எக்சேஞ்சுகளுக்கு வேண்டிய நவீன கருவிகளைப் பிரான்சு நாட்டு அல்காடெல் கம்பெனியிடம் இருந்து இந்திய சர்க்கார் வாங்கியது. மேல்நாட்டு எக்சேஞ்சுகளுக்குக் குளிரூட்டிய அறை வேண்டும். கிராமத்தில் அது நடக்குமா? சித்திரை வெயில், தூசி, அடிக்கடி நின்றுவிடும் மின்சாரம்!

இன்னொரு சங்கடமும் இருந்தது. மேல்நாட்டில் வீட்டுக்கு வீடு டெலிபோன். அதனால் ஒவ்வொன்றுக்கும் வேலை குறைவு. இங்கேயோ ஊருக்கு ஒன்றிரண்டுதான். அவற்றுக்கு ஓய்வே இல்லை.

ஆகவே 1984-ம் ஆண்டில் "சி-டாட்" என்ற ஆராய்ச்சி நிலையத்தை மத்திய சர்க்கார் தொடங்கியது. அதற்காக முன்னின்று பாடுபட்டவர் சாம் பிட்ரோடா. குளிரூட்டிய அறை தேவைப்படாத சிறிய எக்சேஞ்சை அங்குள்ள இளம் என்ஜினீயர்கள் உருவாக்கினார்கள். 1986-ல் கர்நாடகத்தில் உள்ள கிட்டூரில் அது முதன் முதலாக அமைக்கப்பட்டது.

அதைத் தயாரிக்கும் உரிமை பல கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஒரே வியாபாரியை நம்பி இருக்க வேண்டிய நிலை மாறியது.

நீண்ட கால உறவு

கருவி வாங்குவது ஒரு நாள் வியாபாரம் அல்ல. புதுக் கருவி பழைய கருவியோடு ஒத்துப்போக வேண்டும். உதிரிப் பாகம் கிடைக்க வேண்டும். நள்ளிரவில் பழுதானால் ஓடிவர ஆள் வேண்டும். பிடிக்கவில்லை என்று பாதியில் மாற்றினால் பெரும் செலவாகும்.

நம்பிக்கையும் வேண்டும். நம் பேச்சு எல்லாம் அந்தக் கருவி வழியாகத்தானே போகிறது! ஆகவே 2021 ஜூன் 15-ந் தேதி முதல் ஒரு விதி வந்தது. நம்பத் தகுந்தவை என்று சர்க்கார் ஏற்றுக்கொண்ட கருவிகளையே கம்பெனிகள் புதிதாக இணைக்க வேண்டும்.

காத்திருந்த பலன்

தனியார் கம்பெனியான ஜியோ, தென்கொரியாவின் சாம்சங்கிடம் கருவி வாங்கி, 2016-லேயே 4ஜி சேவையைத் தொடங்கிவிட்டது. சர்க்கார் கம்பெனியான பி.எஸ்.என்.எல். சொந்த நாட்டுக் கருவிக்காகக் காத்திருந்தது. சி-டாட், தேஜஸ், டாடா கன்சல்டன்சி ஆகிய மூன்றும் சேர்ந்து அதை உருவாக்கின. 2025 செப்டம்பர் 27-ந் தேதி பிரதமர் நரேந்திர மோடி அதைத் தொடங்கி வைத்தார்.

இதற்குள் வாடிக்கைக்காரர்கள் பலர் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அது நஷ்டம்தான். ஆனால் கருவியைச் செய்யவும், பழுது பார்க்கவும் தெரிந்தவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். அது லாபம்.

இந்த லாபம் அந்த நஷ்டத்தை ஈடு செய்யுமா? கிராமத்தில் டெலிபோன் தடை இல்லாமல் பேசினால், ஈடு செய்யும்!