முள்ளுக்குள் ஒரு மலர்

நம் ஊர்ச் சக்கைப் பழத்தை அறியாதார் இல்லை. தொட்டால் கையைக் குத்தும். பிளந்தாலோ உள்ளே தேன்சுளை. மனிதரிலும் இத்தகையோர் உண்டு. அப்படிப்பட்ட ஒருவனை வெள்ளித்திரையில் நமக்குக் காட்டிய படம் 'முள்ளும் மலரும்'. உமாசந்திரனின் நாவலைத் தழுவி மகேந்திரன் இயக்கிய முதற்படம் இது, 1978-ல் வெளிவந்தது.

கதைத்தலைவன் காளி (ரஜினிகாந்த்) மலைப்பகுதி மின்நிலையத்தில் விஞ்ச் இயக்குபவன். செங்குத்தான சரிவில், தண்டவாளத்தின் மேல் நிற்கும் வண்டியை இரும்பு வடத்தால் இழுத்து ஏற்றி இறக்கும் பொறிதான் விஞ்ச். தாய் தந்தை இல்லாத அவனுக்கு உலகமே தங்கை வள்ளி (ஷோபா). முன்கோபி, எவருக்கும் பணியான். கண்டிப்பான பொறியாளர் குமரன் (சரத்பாபு) வந்ததும் மோதல் தொடங்குகிறது. பின்னர் ஒரு லாரி விபத்தில் காளி கையை இழக்கிறான், வேலையும் போகிறது. அப்போதும் அவன் கண்ணீர் விட்டு இரக்கம் தேடவில்லை, வீறாப்பே பேசுகிறான்.

வள்ளியைக் குமரன் மணக்க விரும்புகிறார். காளி மறுக்கிறான். மனைவி மங்காவே கணவனை எதிர்த்து, வள்ளியின் பக்கம் நிற்கிறாள். இங்கேதான் நாம் சொல்ல வந்த இறுதிக் காட்சி வருகிறது.

மணமக்களோடு ஊரார் திரண்டு செல்கின்றனர். காளி தனியே நிற்கிறான். இதுவரை அவன் முகத்தில் நாம் கண்டது கோபம். இப்போது காண்பது அச்சம். "தங்கையும் போய்விட்டால் எனக்கு யார்?" என்று அவன் வாய்விட்டுக் கேட்கவில்லை, அவன் நிற்கும் நிலையே கேட்கிறது. வள்ளி திரும்பிப் பார்க்கிறாள். கூட்டத்தை விட்டு ஓடிவந்து அண்ணனைக் கட்டிக்கொள்கிறாள். அவ்வளவுதான், முரடன் குழந்தையாகிவிடுகிறான். எல்லாரையும் விட அண்ணனே பெரிதென்று தங்கை வந்துவிட்டாள் எனப் பூரிக்கிறான். பிறகு தானே அவளை அழைத்துச் சென்று குமரனிடம் ஒப்படைக்கிறான். ஆயினும், தனக்கு அவரை இன்னும் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான்!

அந்தச் சொல்லைக் கேட்டு நாம் சிரிக்கிறோம், கண்ணும் கலங்குகிறது. ஏன்? காளி ஒரு நொடியில் உத்தமனாகிவிடவில்லை. அவன் குணம் மாறவில்லை. அவன் பயம்தான் போயிற்று. தங்கையை அவன் இறுகப் பிடித்திருந்தது அதிகாரத்தால் மட்டுமன்று, தனித்துவிடுவோமோ என்ற நடுக்கத்தாலும்தான். அவள் அன்பு உறுதி என்று தெரிந்ததும் அவன் கை தானாகவே தளர்கிறது.

தோழியரே, நம் வீடுகளிலும் அண்ணன்மார் உண்டு. "அங்கே போகாதே, இவளோடு பேசாதே" என்று அதட்டுவார்கள். அந்த அதட்டலுக்குள் பாசமும் பயமும் இருக்கலாம் என்பதை இக்காட்சி நமக்கு உணர்த்துகிறது. ஆனால் மற்றொன்றையும் நாம் மறக்கலாகாது. அண்ணனுக்குப் பாசம் உண்டு என்பதற்காக வள்ளியின் விருப்பம் இல்லாமற் போய்விடாது. ஓடிவந்த தங்கையைக் காளி அன்று வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தால், அவன் பாசம் வேலியாகவே நின்றிருக்கும். வழிவிட்டதனால்தான் அது அன்பாயிற்று.

வள்ளியாக வாழ்ந்து காட்டிய ஷோபா 1980-ல், பதினேழே வயதில் மறைந்தார். மகேந்திரன் 2019-ல் காலமானார். காட்சியோ இன்றும் புதிதாகவே நிற்கிறது.

படத்தின் பெயரை முள், மலர் என்ற இரண்டாக நாம் படித்திருப்போம். இக்காட்சியைக் கண்டபின் மறுபடியும் படித்துப் பாருங்கள். முள்கூட ஒருநாள் மலரும் என்றல்லவா அது சொல்கிறது!