பாலித் தீவின் நடவு முறையும் பூச்சித் தொல்லையும்

இந்தோனேசியாவைச் சேர்ந்த பாலித் தீவில் ஒரே வாய்க்காலில் பாசனம் பெறும் குடியானவர்கள் 'சுபாக்' என்னும் சங்கமாகக் கூடி, நடவுக் காலத்தையும் வயலைத் தரிசாக விடும் காலத்தையும் நீர்க்கோயில்களில் கலந்து நிச்சயித்து வந்தனர். 1970-க்குப் பின் குறுகிய கால நெல் வித்துக்களும் இரசாயன உரங்களும் அங்கே பரப்பப்பட்டபோது, கோயில் முறைக்குக் காத்திராமல் இயன்றமட்டும் அடிக்கடி நடும்படி அதிகாரிகள் தூண்டினர். விளைச்சல் முதலில் பெருகிற்று. பின்னர் நீர்முறை குலைந்தது. புகையானும் எலியும் மிகுந்து பயிர்கள் பாழாயின.

இவ்விஷயத்தை ஆராய்ந்தவர் ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர். அடுத்தடுத்த வயல்கள் யாவும் ஒருங்கே தரிசாகக் கிடப்பின் பூச்சிகளுக்கு இரையும் இருப்பிடமும் இல்லாமற்போம் என்பது மிராசுதார்கள் எளிதில் உணரத்தக்கதே. ஆயின் ஆற்றுப் பாசனம் முழுவதும் ஒரே சமயத்தில் நடவு தொடங்கினாலோ, தண்ணீர் போதாது. ஆகவே எத்தனை சுபாக்குகள் சேர்ந்து நடுவது என்னும் அளவிலேதான் சூட்சுமம் இருக்கிறது. லான்சிங்கும் ஜேம்ஸ் கிரெமர் என்னும் சூழலியல் அறிஞரும் இரண்டு ஆறுகளின் கீழுள்ள 172 சுபாக்குகளைக் கணிப்பொறியில் கணக்கிட்டு, 1993-இல் முடிவை வெளியிட்டனர். நீர்க்கோயில்கள் வகுத்த அளவை ஒட்டிய ஏற்பாடே மிகுந்த மகசூல் தருவதாகக் கண்டது.

வித்தின்மேல் குற்றமில்லை, சடங்கென்று எண்ணித் தள்ளப்பட்டது பாசன நிர்வாகமாயிருந்தது. குடியானவர்கள் புதிய நெல்லைக் கைவிடாமலே, கூடி நடும் பழைய முறைக்குத் திரும்பினர்.