நெல்லையில் எத்தனை பேர்?

திருநெல்வேலி மாநகரின் இன்றைய மக்கள்தொகையை இணையத்தில் தேடிப் பாருங்கள். தளத்துக்குத் தளம் எண் மாறும். கடைசியாக வீடு வீடாகப் போய் எண்ணியது 2011-ல்தான். அப்போது மாநகராட்சி எல்லைக்குள் 4.74 லட்சம் பேர். 2021 கணக்கெடுப்பு கொரோனாவால் தள்ளிப்போனது. அடுத்ததற்குக் குறித்திருக்கும் நாள் 2027 மார்ச் 1. இடையில் வரும் எண்ணெல்லாம் மதிப்பீடுதான்.

மதிப்பீடு போடும் விதம் எளிது. 2001-ல் 4.11 லட்சம், பத்தாண்டில் 15 சதவீத வளர்ச்சி. அதே வேகத்தில் போனால் 2026-ல் சுமார் 5.84 லட்சம். ஆனால் அந்த வேகம் நீடித்ததா? தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைதான் என்றது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. பிரசவ வார்டைவிட வாடகை வீடுதான் இனி நகரத்தின் கணக்கைத் தீர்மானிக்கும். பிள்ளைகள் படிப்புக்காகப் பாளையங்கோட்டையில் வீடு பிடிக்கும் குடும்பங்கள் ஒரு பக்கம். படித்து முடித்ததும் சென்னைக்கும் கோவைக்கும் வளைகுடாவுக்கும் கிளம்பும் பிள்ளைகள் மறுபக்கம். பழைய சதவீதத்தை அப்படியே நீட்டினால் இந்த வரவும் போக்கும் அதில் தெரியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் எல்லைக்கோடு. நெல்லை, பாளை, மேலப்பாளையம் நகராட்சிகளையும் தச்சநல்லூரையும் இணைத்து 1994-ல் மாநகராட்சி உருவானது. அதன் எல்லைக்கு வெளியே வீடு கட்டியவர், வேலைக்கும் கடைக்கும் நகருக்குள் வந்தாலும், அந்தக் கணக்கில் வரமாட்டார். ஒட்டிய ஊர்களைச் சேர்த்த நகர்த்திரளில் 2011-லேயே ஏறக்குறைய 4.98 லட்சம். சென்னையில் வித்தியாசம் இன்னும் பெரிது: பழைய மாநகராட்சிக்குள் 46 லட்சம், திரளில் 86 லட்சத்துக்கு மேல். உலக அளவிலும் இதே கதைதான். ஐ.நா. 2025-ல் நகரத்தின் வரையறையை மாற்றியதும், முதலிடத்திலிருந்த டோக்கியோ 3.3 கோடியோடு மூன்றாவதாகி, ஜகார்த்தா 4.2 கோடியோடு முதலிடத்துக்கு வந்தது. அதற்காக யாரும் மூட்டை கட்டவில்லை.

எண் தவறினால் நெல்லையில் முதலில் இடிப்பது தண்ணீரில். தாமிரபரணிதான் மாநகரின் குடிநீர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற அளவுகோலில், 2011 எண்ணுக்கு 6.4 கோடி லிட்டர் வேண்டும், 5.84 லட்சம் பேருக்கு 7.9 கோடி. எல்லைக்கு வெளியே முளைத்த நகர்களுக்கு வேண்டியது இதில் சேரவில்லை. இதே ஆற்றை நம்பித்தான் கீழே தூத்துக்குடி மாவட்டத்தின் வயலும் குடிநீரும் இருக்கின்றன.