வாயால் சொன்ன அத்தியாயம்

கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கே 'என் இனிய இயந்திரா' ஒரு பிரதிதான் இருந்தது. அதைப் புத்தகம் என்றுகூடச் சொல்ல முடியாது. 1980-களில் ஆனந்த விகடனில் சுஜாதா எழுதிய தொடரை வாராவாரம் கத்தரித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலண்டர் அட்டை ஒட்டிய கட்டு. நடுவில் ஒரு வாரம் மட்டும் தொலைந்துபோயிருந்தது. அதனால் கட்டைக் கொடுப்பவர் அந்த அத்தியாயத்தை வாயால் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எனக்குப் பக்கத்து வீட்டு அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். அவரும் அதைப் படித்தவரில்லை, கேட்டவர்தான். நான் மூன்று பேருக்குச் சொன்னேன். பல வருடம் கழித்து அச்சுப் புத்தகம் வாங்கி அந்த அத்தியாயத்தைத் தேடிப் பார்த்தால், கதையில் வரும் இயந்திர நாய் ஜீனோ எங்கள் தெருவில் பேசியதில் பாதி அதில் இல்லை!

ஒரு புத்தகத்தைப் பரிந்துரைப்பது என்றால் அன்று அதுதான். படி என்று சொன்னவருக்குக் கதை தெரிந்திருக்க வேண்டும். திருப்பி வாங்கும்போது என்ன தோன்றியது என்று கேட்கவும் வேண்டும்.

ஆங்கில நூல்கள் இன்னும் தொலைவில் இருந்தன. அஸிமோவ், ஆர்தர் சி. கிளார்க் என்ற பெயர்களெல்லாம் சுஜாதாவின் கட்டுரைகள் வழியாக முதலில் வந்து சேர்ந்தன. புத்தகம் வரப் பல வருடம் ஆனது. சென்னைக்குப் போகிறவர்களிடம் சொல்லி அனுப்புவோம். பழைய புத்தகக் கடைகள் இருந்த மூர் மார்க்கெட் 1985-ல் எரிந்துவிட்டதால் நடைபாதைக் கடைகள்தான் கதி. கிடைத்ததைப் படித்தோம். அஸிமோவின் பவுண்டேஷன் வரிசையில் 1953-ல் வந்த மூன்றாவது நூலைத்தான் நான் முதலில் படித்தேன்.

போன வருடம் என் தங்கை மகள் கேட்டாள்: "மாமா, சயின்ஸ் ஃபிக்‌ஷன்ல எதுலேர்ந்து ஆரம்பிக்கலாம்?" கோவையில் பொறியியல் படிக்கிறாள். அவள் போனில் ஏற்கெனவே நூறு புத்தகப் பட்டியல் ஒன்று இருந்தது. லியூ சிசினின் மூவுடல் நாவல் சீனத்திலிருந்து 2014-ல் ஆங்கிலத்துக்கு வந்து, அடுத்த வருடமே ஹ்யூகோ விருது வாங்கியது. அது நொடியில் அவள் கைக்கு வந்துவிட்டது. நாற்பது பக்கத்தோடு நிற்கிறது. எப்படி இருக்கிறது என்று அவளை யாரும் கேட்கவில்லை.

நான் ஜீனோவின் கதையைக் கொடுத்தேன். பேசும் இயந்திர நாய், புத்தகம் படித்து அறிவு பெறும் நாய்: என் வயதுக்காரர்களுக்கு அதைவிட அதிசயம் இல்லை. தினமும் இயந்திரத்தோடு பேசும் அவளோ அதைச் சாதாரணமாகக் கடந்துவிட்டாள். அவள் நின்ற இடம் வேறு. மனிதர்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்தான், குழந்தை பெறவும் அரசு அனுமதி வேண்டும் என்கிற இடம்.

"இதப் படிச்சப்போ உங்களுக்குப் பயமா இல்லையா மாமா?"

இல்லை. நாங்கள் நாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். சுஜாதா கதையை வைத்திருந்தது 2020-களில். எங்களுக்குத் தொலைதூர எதிர்காலம், அவளுக்குக் கல்லூரிக் காலம். கருவிக்காகப் படித்த கதைகள் கருவி வந்ததும் பழசாகிவிடுகின்றன. இந்தக் கதை பழசாகவில்லை. இன்றும் முதலில் கொடுக்க வேண்டியது இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன், காரணம் மட்டும் மாறிவிட்டது.

இரண்டாவதாக, கிளார்க் 1979-ல் எழுதிய 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்'. 1956-ல் இலங்கைக்கு வந்து அங்கேயே வாழ்ந்தவர் அவர். பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி! அதன் அடி நிலநடுக்கோட்டில் நிற்க வேண்டும் என்பதால் இலங்கையையே 800 கிலோமீட்டர் தெற்கே தள்ளிவைத்து எழுதினார். 2008-ல் சுஜாதா பிப்ரவரி 27 அன்றும் கிளார்க் மார்ச் 19 அன்றும் போனார்கள். என் போன்றவர்களுக்கு அந்த மூன்று வாரம் மறக்காது. பிறகு ஜெயமோகனின் 'விசும்பு' தொகுப்பு. சித்த மருத்துவத்தையும் பறவைகளின் வலசையையும் வைத்து நம் மண்ணிலேயே அறிவியல் கதை எழுத முடியும் என்று காட்டியது. டெட் சியாங்கின் கதைகளை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.

கிளார்க்கைக் கொடுக்கத்தான் சென்ற மாதம் கோவை போனேன். ஜீனோவைத் திருப்பிக் கேட்டேன்.

"இப்போ தர முடியாது மாமா," என்றாள். விடுதி அறைத்தோழி பாலக்காட்டுப் பெண். தமிழ் புரியும், படிக்க வராது. ராத்திரி ஓர் அத்தியாயமாக இவள் சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஏழாவது வரை வந்திருக்கிறதாம்.