முதலில் கொட்டில், பிறகு ஆடு

கடை வியாபாரத்தில் நாலு காசு மிஞ்சினால் அதை இன்னொரு தொழிலில் போட்டு வைப்பது நமது வியாபாரிகளின் வழக்கம். காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனைப் பக்கத்தில் அப்படி யோசிக்கும் பலருக்கு ஆடு, மாடு வளர்ப்பு ஞாபகத்துக்கு வருவதில் ஆச்சரியமில்லை. இறைச்சிக்கடை, கலியாண வீடு, ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் என்று வருடம் முழுவதும் கேள்வியுள்ள பொருள் அது. விற்பதற்கு வெளியூர் போகவும் தேவையில்லை.

ஆனால் நம்மில் அநேகர் இந்தத் தொழிலைத் தலைகீழாகவே ஆரம்பிக்கிறோம். முதலில் ஆட்டை வாங்குகிறோம். வாங்கிய பிறகு கட்ட இடம் தேடுகிறோம். வீட்டுப் பின்வளவில் நாலு கம்பை நட்டு, இரண்டு தகரத்தைப் போட்டுக் கொட்டில் என்கிறோம். முதல் மாரிமழையில் குட்டிகள் சாகின்றன. இரண்டாவது மாரியில் தொழிலே போய்விடுகிறது.

2022 சொன்ன பாடம்

2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் மண்டூஸ் புயல் உருவான நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது. புயல் கரையைக் கடந்தது தமிழ்நாட்டில். ஆனாலும் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் மடிந்தன. வெள்ளம் அவற்றை அடித்துப் போகவில்லை. விடாத மழையில் நனைந்த உடம்போடு குளிர்காற்றில் திறந்த வெளியில் நின்றதே அவற்றின் உயிரைக் குடித்தது. ஒரே இரவில் முதலீடு முழுவதையும் இழந்த குடும்பங்கள் உண்டு. காற்றை மறிக்கும் ஒரு பக்கச் சுவரும், நனையாத ஒரு கூரையும், காய்ந்த தரையும் இருந்திருந்தால் அவற்றில் பெரும்பாலானவை பிழைத்திருக்கும்.

குதிரை வியாபாரத்தில் நடந்த கதை

இது புதிய பாடமுமல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் கீஷ், ஹுர்முஸ் துறைமுகங்களிலிருந்து அரபு, பாரசீக வர்த்தகர்கள் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்துக்குக் குதிரைகளைக் கப்பலேற்றி வந்தார்கள். வருடத்துக்குப் பத்தாயிரம் குதிரைகள், ஒன்றின் விலை 220 பொன் தீனார் என்று பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் எழுதியிருக்கிறார். இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் அங்கே நீண்ட நாள் உயிரோடு இருக்கவில்லை. காரணத்தையும் அவரே சொல்கிறார். வந்து இறங்கிய குதிரைகளைக் கொழுக்க வைப்பதற்காக நாற்பது நாள் கயிறும் முளையும் போட்டு லாயத்தில் கட்டிவைத்துத் தீனி போட்டார்களாம். நடக்க முற்றமில்லை, பழக்கும் முறையுமில்லை. அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோவும் பராமரிக்கத் தெரியாததாலேயே குதிரைகள் செத்தன என்று குறிப்பிடுகிறார். செத்த குதிரைக்குப் பதிலாக மறு வருடம் புதுக் குதிரை வாங்கினார்கள். விற்றவருக்கு இலாபம், வாங்கியவருக்கு நட்டம்.

மிருகத்துக்குக் கூரை மட்டும் போதாது, உலாவ முற்றமும் வேண்டும் என்பதுதான் இதிலுள்ள பாடம்.

எந்த இடம்?

நமது பிரதேசம் வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் தாழ்ந்த பூமி. மழைக்காலத்தில் முகத்துவாரம் வெட்டப்படும் வரை வாவித் தண்ணீர் ஏறிக்கொண்டே வரும். ஆகவே காணி பார்க்கும்போது அக்கம்பக்கத்தாரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 2011 ஜனவரி வெள்ளம் இங்கே எவ்வளவு உயரத்துக்கு வந்தது? அந்த மட்டத்துக்கு மேலே கொட்டிலின் தரை இருக்க வேண்டும். வளவுக்குள் ஆக மேடான இடத்தைக் கொட்டிலுக்கு விடுங்கள். பள்ளத்தில் புல் நடலாம்.

குடிதண்ணீர்க் கிணற்றிலிருந்து தூரமாகவும், எருத் தண்ணீர் வாவிக்குள் வடியாதபடியும் இடம் அமைய வேண்டும். வாவிக்கரையோரக் காணியென்றால் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி தேவையா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது புத்தி. தென்னைக்கு நேர் கீழே கொட்டில் போட வேண்டாம். விழும் தேங்காய்க்கு ஆடென்றும் கூரையென்றும் தெரியாது.

எவ்வளவு இடம்?

இருபது பெட்டை ஆடு, ஒரு கிடா என்று கணக்கெடுப்போம். பெட்டைக்கு 12 சதுர அடி வீதம் 240. கிடாவுக்குத் தனியறை 25. முப்பது குட்டிகளுக்கு 4 சதுர அடி வீதம் 120. நோய்க்காரரை ஒதுக்கவும் தீனி வைக்கவும் 65. மொத்தம் 450 சதுர அடிக் கொட்டில். முற்றம் அதைப்போல் இரண்டு மடங்கு, 900 சதுர அடி. இரண்டும் சேர்ந்து 1,350 சதுர அடி. ஒரு பேர்ச் ஏறக்குறைய 272 சதுர அடி என்பதால் இது ஐந்து பேர்ச்தான்.

இதைப் பார்த்து "இவ்வளவுதானா" என்று துள்ள வேண்டாம். ஒரு ஆடு நாளைக்கு நாலைந்து கிலோ பச்சைத்தீனி தின்னும். இருபது ஆட்டுக்கு நாளொன்றுக்கு நூறு கிலோ. சீ.ஓ. 3 புல், கிளிசரிடியா, இப்பில் இப்பில் நட்டுத் தண்ணீர் கட்ட அரை ஏக்கராவது வேண்டும். புல்லுக்கு இடமில்லாதவர் ஆட்டுக் கணக்கைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

எப்படிக் கட்டுவது?

கொட்டிலின் நீளப்பக்கம் கிழக்கு மேற்காக இருக்கட்டும். அப்போதுதான் காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே உள்ளே விழாது. மாரியில் மழையும் குளிரும் வடகிழக்கிலிருந்து வருகின்றன. ஆகவே வடக்குப் பக்கத்திலும் கிழக்குப் பக்கத்திலும் மூன்றடி அடைப்பும், அதற்கு மேலே இறக்கி ஏற்றக்கூடிய தார்ப்பாயும் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அதைச் சுருட்டிக் கட்டிவிடலாம். எல்லாப் பக்கத்தையும் அடைத்தால் எருவின் வாடை தங்கி ஆட்டுக்கு நெஞ்சுச்சளி வரும்.

ஆட்டுக்குத் தரையை நிலத்திலிருந்து மூன்று நான்கு அடி உயர்த்திச் சலாகை அடியுங்கள். சலாகைகளுக்கு இடையில் அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் வரை இடைவெளி போதும். அதற்கு மேல் போனால் கால் மாட்டும், குறைந்தால் புழுக்கை விழாது. குட்டி அறையில் அரை அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். கீழே விழும் எருவை வாரம் ஒருமுறை அள்ளிக் கூரையுள்ள குழியில் சேருங்கள். மணற்பாங்கான நமது தோட்டக்காணிகளுக்கு ஆட்டெரு தேவை. அதுவும் ஒரு வருமானமே.

கூரைக்குக் கிடுகு குளிர்ச்சி. ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டும். தகரம் நிற்கும், ஆனால் சுடும். தகரத்தின் மேல் கிடுகைப் பரப்பிக் கட்டினால் இரண்டின் நன்மையும் கிடைக்கும். தாழ்வாரம் இரண்டடியாவது வெளியே நீண்டிருக்க வேண்டும். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட ஊர் இது. கூரையைத் தூணோடு கம்பியால் இறுக்கிக் கட்டுவதை மேசனின் விருப்பத்துக்கு விட்டுவிடாதீர்கள்.

மாடு கட்டுவோர் ஒரு மாட்டுக்குக் கூரையின் கீழ் 40 சதுர அடியும், முற்றத்தில் 80 சதுர அடியும் ஒதுக்குங்கள். சீமெந்துத் தரை சொரசொரப்பாக, நாற்பதடிக்கு ஓரடி சரிவாக இருக்க வேண்டும். வழுக்கி விழுந்த பசு எழும்புவது கஷ்டம். ஆசைக்கு ஒரு குதிரை வைத்திருக்க நினைப்பவருக்கு 12 அடிக்கு 12 அடி அறையும் அதைவிடப் பல மடங்கு முற்றமும் வேண்டும். குதிரை முற்றத்துக்கு முட்கம்பி வேலி கூடவே கூடாது.

முற்றம் வீணல்ல

முற்றத்தில் மேற்குப் பக்கம் ஒரு வேம்பு, நடுவில் தண்ணீர்த் தொட்டி, ஓரத்தில் தீனித் தொட்டி. தீனியைத் தரையில் போட்டால் பாதி மிதிபட்டுப் போகும், மீதியோடு குடற்புழுவும் உள்ளே போகும். வெளியிலிருந்து வாங்கி வரும் ஆட்டை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே கூட்டத்தோடு சேருங்கள். பெருநாளுக்கு விற்க நினைப்பவர் அரசாங்கக் கால்நடை வைத்தியரோடு முதலிலேயே தொடர்பு வைத்துக்கொள்ளட்டும். சுகாதாரச் சான்றிதழும் அனுமதியும் இல்லாமல் லொறியில் ஏற்றினால் வழியிலேயே இலாபம் போய்விடும்.

சரக்கு வந்து இறங்குவதற்கு முன் களஞ்சியத்தைத் தயார் செய்யாத வியாபாரி உண்டா? சீனி மூட்டையை யாரும் மழையில் வைப்பதில்லை. நனைந்தால் கரையும் என்று நமக்குத் தெரியும். ஆடும் அப்படித்தான். 2025 நவம்பரில் வந்த டித்வா புயல் மாரியை நம்பக்கூடாதென்று நாடு முழுவதற்கும் மறுபடி சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. கையிலிருக்கும் பணத்தில் மூன்றிலொரு பங்கைக் கொட்டிலுக்கும் முற்றத்துக்கும் முதலில் ஒதுக்குங்கள். இருபது ஆடு வாங்க நினைத்தவர் பத்தோடு ஆரம்பிக்கலாம். நல்ல கொட்டிலில் பத்து இருபதாகும். கொட்டிலில்லாத இருபது ஒரு மாரியில் பத்தாகிவிடும்.