கல் உப்பில் அயோடின் இருக்கா?

எங்க அப்பத்தா வீட்டுல உப்புப் பானையில எப்பவும் உப்பளத்துல வாங்கின கல் உப்புதான் இருக்கும். "கடல் உப்புதானே, அதுலயே எல்லாம் இருக்கு"ன்னு சொல்வாங்க. நானும் நம்பினேன். நீங்களும் அப்படி நினைச்சா, ஒரு தடவை வாலிநோக்கம் பக்கம் போய் உப்பளத்தைப் பாருங்க. தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் அங்கதான் இருக்கு.

கடல்நீர் பாத்தி பாத்தியா மாறி, வெயிலில் வற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு பொருளும் தன் முறை வரும்போதுதான் படியும். ஏறக்குறைய 13 டிகிரி போமே அடர்த்தியில் படிவது ஜிப்சம், அதாவது நீரேறிய கால்சியம் சல்ஃபேட். இதைச் சுமார் 150 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் முக்கால்வாசி நீர் போய் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஆகும். சிமென்ட் சட்டுனு இறுகாமல் தடுக்கவும், களர் நிலத்தைச் சீர்படுத்தவும் ஜிப்சம் வேணும்.

25 டிகிரியைத் தாண்டியதும் உப்பு படிகமாகும். உப்பின் எடையில் சுமார் 60 சதவீதம் குளோரின் என்ற ஹாலஜன்தான். உப்பை வாரிய பிறகு மிஞ்சும் கசப்புத் தண்ணிக்கு பிட்டர்ன்னு பேரு. புரோமைடு அதுல செறிவா இருக்கும். அதில் குளோரின் வாயுவைச் செலுத்தினால் புரோமின் பிரிஞ்சு வரும். பிளஸ் டூல டிஸ்ப்ளேஸ்மென்ட் ரியாக்‌ஷன்னு மனப்பாடம் பண்ணோமே, அதேதான்!

அப்போ அயோடின்? கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் கடல்நீரில் அயோடின் சுமார் 0.06 மில்லிகிராம். ஒரு கிலோ உப்புக்குக் கிட்டத்தட்ட 37 லிட்டர் கடல்நீர் வேணும். அத்தனை அயோடினும் உப்போடயே தங்கினாலும் 2 மில்லிகிராம் சொச்சம்தான். உண்மையில் அவ்வளவும் தங்குறதில்லை. ஆனா நம்ம கைக்கு வரும் ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்கணும்ங்கிறது இந்திய விதி. அதனாலதான் பொட்டாசியம் அயோடேட்டைத் தனியா சேர்க்கிறாங்க.

இந்தக் குறை நாக்குக்குத் தெரியாது. கழுத்துல முன்கழலையா வரலாம். கர்ப்பிணிக்கு அயோடின் ரொம்பக் குறைஞ்சா, வயித்துல இருக்கிற குழந்தையோட மூளை வளர்ச்சியே பாதிக்கப்படும்.

அயோடின் சேர்த்த கல் உப்பும் கடையில கிடைக்குது. பாக்கெட்டில் எழுதியிருக்கான்னு பாத்து வாங்குங்க, மூடி வையுங்க. அப்பத்தா வீட்டுல பானை இன்னும் அதேதான். அதுல கொட்டுற உப்பைத்தான் மாத்தியிருக்கோம்.