குதிரை வாங்கப் போனேன்!

பி.காம். படித்தவன் வாங்கக் கூடாத பொருள் ஒன்று உண்டென்றால், அது குதிரை! கணக்கில் எந்தப் பக்கம் எழுதுவது? வரவா, செலவா? பெட்ரோல் போடாவிட்டால் பைக் பேசாமல் நிற்கும். குதிரை ஓடாத நாளிலும் சாப்பிடுமே, சார்!

ஆனாலும் ஆசை விடவில்லை. இலஞ்சி பக்கத்துத் தோப்பு வழிகளில், குற்றாலச் சாரல் முகத்தில் அடிக்க, காலையில் குதிரையில் போனால் எப்படி இருக்கும்! (காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். நமக்குத் தோப்பே போதும்.)

"ஆடியில் அந்தியூர் சந்தைக்குப் போ" என்றார்கள் நண்பர்கள். ஈரோடு மாவட்டத்தில், குருநாதசாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை. காது நுனிகள் ஒன்றையொன்று தொடுகிற மார்வாரி, கத்தியவாரி எல்லாம் வரும். ஆனால் சந்தையில் பார்ப்பது பெண் பார்க்கப் போவது மாதிரி. அலங்காரம்தான் தெரியும், அன்றாடம் தெரியாது.

தவிர, பாண்டிய நாட்டுக்கும் வெளியூர்க் குதிரைக்கும் ராசி இல்லை. மாணிக்கவாசகர் காலத்தில் வந்தவை ராத்திரியோடு நரியாகிவிட்டன என்கிறது திருவிளையாடல். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோவும், அரபு நாட்டிலிருந்து கப்பலில் இறங்கிய குதிரைகள் சரியான பராமரிப்பின்றிச் செத்ததை எழுதி வைத்திருக்கிறார்.

ஆகவே உள்ளூர்ச் சரக்கு! தென்காசிக்கு வெளியே ஒரு தோப்பில் செவலைக் குதிரை. விலை 60,000. சீட்டு எடுத்த பணம் பையில் தயார். துணைக்கு, ஒரு காலத்தில் குதிரை வண்டி ஓட்டிய எங்கள் தெருத் தாத்தா.

சாயங்காலம் ஐந்து மணி. குதிரை ராஜ நடை போட்டது. நான் பைக்குள் கை விட்டேன். தாத்தா குதிரையின் முதுகைத் தடவிவிட்டு, "ஈரமா இருக்கே... இப்பதான் ஓட்டுனீகளோ?" என்றார்.

"சும்மா ரெண்டு சுத்து, பெரியவரே" என்றார் சொந்தக்காரர்.

வழியில் தாத்தா சொன்னார்: "நாளைக்கு விடியக்காலம் சொல்லாம வருவோம், தம்பி."

வந்தோம். அதே குதிரை. முன்னங்கால் ஒன்றை ஊன்ற யோசித்தது. நொண்டி நொண்டி நடந்தது. பத்து நிமிஷம் நடத்தியதும் நொண்டல் மாயம்!

"மூட்டுத் தேஞ்சிருக்கு. சூடேறுனா மறைஞ்சிரும்" என்றார் தாத்தா.

சொந்தக்காரர் தலை குனிந்தார். "கல்யாண ஊர்வலம்னு தார் ரோட்டுலயே நடந்த காலு, தம்பி. இப்ப என் மக கல்யாணம்... அதான் விக்கேன்."

கோபப்பட வந்த எனக்கு வார்த்தை வரவில்லை. கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டுத் திரும்பினோம்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சொல்லாமல் போய்ப் பாருங்கள். நாலு குளம்பையும் தூக்கிப் பாருங்கள். வாய்க்காலைத் தாண்டுகிறதா, பஸ் ஹாரனுக்கு மிரளுகிறதா என்று பாருங்கள். டாக்டரையும் ரத்தப் பரிசோதனையையும் விடாதீர்கள். 350 கிலோ குதிரைக்குத் தினம் 7 கிலோ காய்ந்த தீவனம், 25 லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு சீவல்... விலை என்பது முதல் தவணைதான்!

நான் இன்னும் குதிரை வாங்கவில்லை. ஆனால் ஞாயிறுதோறும் அரைக் கிலோ கொள்ளு வாங்குகிறேன், அந்தச் செவலைக்கு. எந்தப் பக்கம் எழுதுவது என்றுதான் தெரியவில்லை!